பல்லைப் பிடுங்கிய இடத்திலேயே கட்டவும் வழி செய்யுங்கள்

எங்கள் வட்டாரத்தின் அரசுப் பல் மருத்துவப் பிரிவுகளுக்கும் முதியோர் நல முகாம்களுக்கும் பொறுப்பு வகிக்கும் அதிகாரிகளுக்குச் செட்டிநாட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மையீர்,

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையில், பல் மருத்துவப் பிரிவின் கதவில் சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டப்பட்டது. 'இங்கு பல்செட் கட்டப்படமாட்டாது' என்று நீல மையில் கையால் எழுதியிருந்த அந்தத் தாளில் கையொப்பம் இல்லை, தேதி இல்லை, வேறு எங்கே போய்க் கட்டிக்கொள்ளலாம் என்ற தகவலும் இல்லை. கையால் எழுதியதுதானே, நாலு நாளில் கிழித்துவிடுவார்கள் என்று நினைத்தோம். சென்ற மாதம் போனபோது, சாரலில் மை கரைந்துபோன அந்தத் தாளை எடுத்துவிட்டு, அதே வாசகத்தைக் கணினியில் அச்சடித்துக் கண்ணாடித்தாள் உறையிட்டு நான்கு மூலையிலும் திருகாணி வைத்து முடுக்கியிருக்கிறார்கள். கையெழுத்துத் தாளுக்குப் பொறுத்திருந்த என்னால் அந்தத் திருகாணிகளைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தக் கதவுக்கு நான்கடி உள்ளே கிடக்கும் நாற்காலியில் உட்கார்ந்துதான் 72 வயதான என் அக்கா, இரண்டு ஆண்டுகளில் பல தவணைகளாக, தம் வாயில் மீந்திருந்த 11 பற்களையும் எடுத்துக்கொண்டார். சர்க்கரை நோயும் ஈறு நோயும் சேர்ந்து எல்லாப் பல்லையும் ஆட்டிவிட்டிருந்தன; எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று மருத்துவர் சொன்னதில் எங்களுக்கு ஐயமில்லை. காசு வாங்காமல், வலி தெரியாமல் எடுத்தார்கள். கடைசிப் பல்லை எடுத்த நாளில், ஈறும் எலும்பும் ஆறி அடங்க மூன்று மாதம் ஆகும், அதற்குப் பிறகு பல் கட்டிக்கொள்ள வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா நாட்காட்டியில் நாளைச் சுழித்துவைத்துக் காத்திருந்து போன அன்றுதான் அந்த முதல் தாள் எங்களை வரவேற்றது.

உள்ளே இருந்த இளம் மருத்துவர்மீது எனக்கு வருத்தமில்லை. பல்செட் வேலைக்கான தொழில்நுட்பர் மாறுதலில் போய்விட்டார், அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை, பொருளும் வரவில்லை, நான் அளவெடுத்தாலும் செய்துதர ஆளில்லை என்று தலைகுனிந்தபடிதான் சொன்னார். வெளியே வந்தபோது சீட்டுப் பதியும் மேசையில் இருந்தவர் சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை: "இந்த வயசுல பல்லுக் கட்டி என்ன செய்யப் போற ஆத்தா? கஞ்சியக் குடிச்சிட்டுப் பேசாம இருக்கலாம்ல?" வரிசையில் நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். அக்காவும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பல் போனதிலிருந்து அவர் சிரிக்கும்போதெல்லாம் கை வாய்க்குப் போய்விடுகிறது.

இந்த வயதில் பல் எதற்கு என்ற கேள்விக்கு அன்று அந்த இடத்தில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

என் அக்கா 40 ஆண்டுகளாகப் பலகாரம் சுட்டுப் பிழைப்பவர். ஆச்சிமார் வீட்டுக் கல்யாணங்களுக்கும், வெளிநாட்டிலிருந்து வந்து திரும்புகிறவர்கள் டின் டின்னாகக் கட்டிக்கொண்டு போவதற்கும், கைமுறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம் என்று எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தே காலம் கழித்தவர். ஒவ்வோர் ஈட்டிலும் ஒரு சீடையை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். உள்ளே வெந்திருக்கிறதா, இன்னும் ஒரு நிமிடம் கிடக்க வேண்டுமா என்பதை அவர் கடைவாய்ப் பல்தான் சொல்லும். இப்போது முறுக்கைக் காதருகே வைத்து இரு விரலால் ஒடித்து, அந்த ஓசையை வைத்துத் தீர்மானிக்கிறார். முறுக்குக்கு அது போதும், சீடைக்குப் போதாது. அதனால் நான் அந்தப் பக்கம் போனால், "கடிச்சுப் பாத்துச் சொல்லு தம்பி" என்று ஒரு சீடையை என்னிடம் நீட்டுகிறார். எனக்கும் பல்செட்தான் என்பது அவருக்குத் தெரியும். வாய்க்குள் இருப்பது யாருடைய பல்லாக இருந்தால் என்ன என்கிறார்.

மருத்துவமனையின் இன்னோர் அறையில் சர்க்கரை நோயாளிகளுக்கான சீட்டு ஒன்று கொடுக்கிறார்கள். பச்சைக் காய்கறி, கீரைத்தண்டு, கொண்டைக்கடலைச் சுண்டல், கேழ்வரகு ரொட்டி சாப்பிடுங்கள், குழைந்த சோறும் கஞ்சியும் குறையுங்கள் என்று அதில் இருக்கிறது. நல்ல அறிவுரை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக அக்காவுக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அதுவும் நல்ல காரியம். ஆனால் ஓர் அறையில் கஞ்சியைக் குறை என்கிறார்கள், இரண்டு கதவு தள்ளிக் கஞ்சியைக் குடி என்கிறார்கள். இரண்டு சீட்டுகளும் ஒரே வாய்க்குத்தான் எழுதப்படுகின்றன. பல்லில்லாத ஈறால் சுண்டலை எப்படி அரைப்பது? நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோமே, எதைக் கொண்டு நொறுக்குவது?

என் கதையையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பல்செட் என்பது கடையில் வாங்கிக் கையில் கொடுக்கும் பொருள் என்ற எண்ணம் உங்கள் முகாம்களிலும் இருக்கிறது, மக்களிடமும் இருக்கிறது. நான் 31 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன். ஆண்டுதோறும் கரும்பலகையில் வாயின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து, தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நாநுனி ஒற்றப் பிறக்கும், வகரம் மேற்பல் கீழிதழைத் தொடப் பிறக்கும் என்று நடத்தியிருக்கிறேன். ஓய்வு பெற்று மூன்றாம் ஆண்டில் என் பல்வரிசை இரண்டும் முழுதும் போனபோது, 'வணக்கம்' என்ற சொல்லின் முதல் எழுத்து வெறுங்காற்றாய் வந்தது. பல் போனால் சொல் போச்சு என்பதை எத்தனையோ முறை பழமொழியாக எழுதிப்போட்டவனுக்கு, அது உடற்கூற்றுப் பாடம் என்பது அன்றுதான் விளங்கியது.

எனக்கு ஓய்வூதியம் இருந்தது, தனியார் மருத்துவரிடம் 18,000 ரூபாய் கொடுத்துக் கட்டிக்கொண்டேன். அவர் என்னை எட்டு முறை வரவழைத்தார். முதல் நாள், வெந்நீரில் இளக்கிய பழுப்புக் கட்டியைத் தட்டில் வைத்து வாய்க்குள் அழுத்தி ஓர் அச்சு எடுத்தார். அதிலிருந்து என் வாய்க்கென்றே ஒரு தட்டுச் செய்துவைத்து, இரண்டாம் முறை அதன் விளிம்பில் பச்சைக் குச்சியொன்றை உருக்கி ஒட்டி, உதட்டைக் குவிக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி, கன்னத்தைப் பிடித்திழுத்து, தசை அசையும் எல்லைக்கு அந்த விளிம்பைப் படியவைத்தபின், கிராம்பு மணக்கும் பசையால் நுணுக்கமாக இன்னோர் அச்சு எடுத்தார். மூன்றாம் முறை மெழுகால் வரம்பு கட்டி உள்ளே வைத்து, 'ம்' என்று சொல்லி உதட்டைத் தளர்த்தச் சொன்னார்; மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவே அளவுகோல் பிடித்துத் தாடையின் உயரத்தைக் குறித்துக்கொண்டார். நான்காம் முறை பற்களை மெழுகிலேயே நட்டு வாயில் பொருத்தி, 'வாழை, வேல், வண்டி' என்று சொல்லச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். மேற்பல்லின் நுனி கீழுதட்டைத் தொடும் இடம் சரியா என்று பார்க்க என்றார். நான் 31 ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்த படத்தை அவர் என் வாய்க்குள் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் முறைதான், மெழுகை நீக்கி அந்த இடத்தில் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கைத் திணித்து வெந்நீரில் இறுகவைத்த பல்செட் கைக்கு வந்தது. பிறகும் மூன்று முறை போனேன். வாயெல்லாம் எச்சில் ஊறியது, பேச்சுக் குழறியது, இரண்டாம் நாளே கீழ்த்தாடையின் இடப்பக்கத்தில் அரிசி அளவில் புண் வந்தது. மருத்துவர் அந்தப் புண் படும் இடத்தைக் குறிவைத்து, பல்செட்டின் உட்புறத்தில் அங்கே மட்டும் மயிரிழை அளவு தேய்த்துக் கொடுத்தார். முதலில் இட்லியும் கும்மாயமும், பிறகு சிறு துண்டுகளாக மற்றவை, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்லப் பழகுங்கள் என்றார். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவையுங்கள், இரவும் பகலும் மாட்டியே வைத்திருந்தால் அண்ணம் சிவந்து பூஞ்சைத் தொற்று வரும், கொதிநீரில் போட்டால் கோணிப்போகும் என்று அவர் சொன்னவை இன்றும் நினைவிலிருக்கின்றன. நன்றாகப் பொருந்திய முழுப் பல்செட்டிலும் சொந்தப் பல்லின் கடிவலுவில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் கிடைக்கும். எனக்குப் பட்டாணி இன்றும் கடிபடாது. ஆனாலும் சாப்பிடுகிறேன், பேசுகிறேன், இந்த மடலைப் பத்துப் பேர் நடுவில் நின்று வாசித்துக் காட்டவும் செய்தேன்.

இந்த எட்டு வருகையும் சேர்ந்ததுதான் சிகிச்சை. இதை நீங்கள் பிரித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அக்காவின் எவர்சில்வர் டப்பா சாட்சி. மருத்துவமனையில் கைவிரித்த பிறகு, யாரோ சொல்லக் கேட்டு, என்னிடம் சொல்லாமலே, சந்தைப் பக்கம் ஒரு கடை மாடியில் பல் கட்டுகிறவரிடம் போய் 3,500 ரூபாய் கொடுத்திருக்கிறார். எட்டு நாள் கூலி அது. அந்த ஆள் முன்னமே செய்து வைத்திருந்த ஒரு செட்டை எடுத்து, அடியில் தூளையும் திரவத்தையும் குழைத்துத் தடவி, அக்காவின் வாயிலேயே வைத்து இறுகவிட்டிருக்கிறார். அந்தக் கலவை இறுகும்போது சூடேறும், அதன் திரவம் மென்தோலைச் சுடும். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது, ஒரு வாரம் அண்ணம் வெந்து கிடந்தது. பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்யக்கூடாது என்று 1948ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆனால் பதிவு பெற்றவரின் கதவில் திருகாணி அடித்த தாள் இருக்கும்போது, அந்த மாடிப்படி யாருக்காகத் திறந்திருக்கிறது என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

அந்தச் செட்டை அக்கா 'கல்யாணப் பல்' என்கிறார். விசேஷ வீட்டில் போட்டோ எடுக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டுக்கொள்வார், பந்தி போடும்போது முந்தானையில் முடிந்துகொள்வார், வீட்டுக்கு வந்ததும் டப்பாவுக்குள் போய்விடும். தண்ணீரில் வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே காய்ந்து காய்ந்து இப்போது அது டப்பாவின் அடியில்கூடச் சமமாக உட்காருவதில்லை. வெற்றிலை போடும் ஆசைக்கு மட்டும் எங்கள் அம்மாவின் சிற்றுரல் இருக்கிறது. பாக்கையும் வெற்றிலையையும் இடித்து விழுதாக்கி ஒதுக்கிக்கொள்கிறார். அந்த உரலின் டொக் டொக் ஓசையைக் கேட்டால் எனக்குச் சிறுவயதில் பாட்டி நினைவு வரும். இப்போது கோபம் வருகிறது.

முகாமைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வாண்டுத் தொடக்கத்தில் எங்கள் பகுதியில் முதியோருக்கு உபகரணங்கள் வழங்கும் முகாம் ஒன்று நடந்தது. படிவத்தில் என்ன வேண்டும் என்ற இடத்தில், என் கையாலேயே 'பல்செட்' என்று எழுதிக் கொடுத்தேன். வழங்கும் நாளில் அக்காவின் கையில் ஒரு கைத்தடியைக் கொடுத்து, பல்லுக்கு அளவெடுக்க ஆளில்லை, இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். பதிவேட்டில் 'பெற்றுக்கொண்டார்' என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அக்கா நிமிர்ந்து நடக்கிறவர். அந்தத் தடியின் நுனியில் அரிவாள்முனை கட்டித் துரட்டியாக்கி இப்போது முருங்கைக்காய் பறிக்கிறார்.

பல்செட் முதியோருக்கான உதவிப் பொருள்தானா என்ற விவாதத்துக்கு இடமே இல்லை. 2017 ஏப்ரல் 1 அன்று நெல்லூரில் தொடங்கிவைக்கப்பட்ட மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனாவில் கைத்தடி, காதொலிக் கருவி, மூக்குக்கண்ணாடி, சக்கர நாற்காலி ஆகியவற்றோடு செயற்கைப் பல்வரிசையும் பட்டியலில் இருக்கிறது. கேரளத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள மூத்தோருக்குப் பல்செட் கட்டித்தரும் திட்டத்துக்கு மந்தஹாசம், அதாவது புன்னகை, என்றே பெயர் வைத்தார்கள். கர்நாடகத்தில் தந்த பாக்ய என்ற பெயரில் இதே காரியத்தைச் செய்தார்கள். 70 வயது கடந்தவர்களுக்கு 2024 அக்டோபரில் விரிவாக்கிய ஆயுஷ்மான் பாரத் என்ற மத்திய மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். அந்த அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. பல்செட்டுக்காக யாரும் கட்டிலில் படுப்பதில்லை.

உங்களுக்கு இதைவிடப் பெரிய சுமைகள் இருக்கின்றன என்பதை அறிவேன். பிரசவமும் மாரடைப்பும் காத்திருக்க முடியாதவை, பல் காத்திருக்கும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். பல் காத்திருக்கலாம், தாடை காத்திருப்பதில்லை. பல் எடுத்தபின் அதைத் தாங்கிய எலும்பு மேடு தேயத் தொடங்குகிறது. முதல் ஆண்டில் வேகமாகவும் பிறகு வாழ்நாள் முழுதும் மெதுவாகவும் தேய்கிறது. அதிலும் கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கூடுதலாகத் தேய்கிறது. பல்செட் இந்தத் தேய்வை நிறுத்திவிடாது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அது உட்காருவதற்கு ஒரு மேடு வேண்டும். வெறும் வாயோடு ஆண்டுகள் போகப் போக அந்த மேடு கரைந்து, கீழ்வரிசை நாக்கு அசைந்தாலே மிதக்கும் நிலைக்கு வந்துவிடும். பல்லே இல்லாத கீழ்த்தாடையில் இரண்டு உள்வைப்புகளை, அதாவது எலும்பில் பதியும் உலோகத் திருகுகளைப் பொருத்தி, அவற்றின்மேல் பல்செட்டை மாட்டுவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002இல் கனடாவில் கூடிய வல்லுநர்கள் சொன்னார்கள். இன்று மெழுகிலும் அக்ரிலிக்கிலும் முடிகிற வேலையைத் தள்ளிப்போட்டு, நாளை பல மடங்கு செலவாகும் வேலையாக ஆக்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நான் கேட்பவை இவை. அந்தத் தாளைக் கழற்றுங்கள். தொழில்நுட்பர் இடத்தை நிரப்பும் நாள் எது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். அதுவரைக்கும் எங்களை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை: செட்டிநாட்டின் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது, அங்கே 2023இல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. பல் மருத்துவம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் முழுப் பல்செட் செய்து பழகியாக வேண்டும், அதற்கு நோயாளிகள் வேண்டும், நாங்கள் இருக்கிறோம். வாரம் ஒரு நாள் அங்கிருந்து மருத்துவர் ஒருவர் எங்கள் பக்கத்து மருத்துவமனைக்கு வந்து அளவெடுக்கவும், ஆய்வகப் பணி அங்கே நடக்கவும், பொருத்துவதும் புண் பார்த்துத் தேய்ப்பதும் இங்கேயே நடக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். எட்டு முறை பஸ் ஏறிப் போய்வர 72 வயதில் முடியாது, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியும் போகும்.

கடைசிப் பல்லை எடுக்கும் அன்றே, பல் கட்ட வரவேண்டிய தேதியையும் இடத்தையும் அந்தச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். எடுப்பவரின் பொறுப்பு அங்கே முடிவதில்லை என்பதற்கு அந்த ஒரு வரி போதும். முகாம்களில் பல்செட் கேட்டவருக்கு வேறொரு பொருளைக் கொடுத்துக் கணக்கை முடிக்கும் வழக்கத்தைத் தடை செய்யுங்கள். அளவெடுக்க ஒரு முகாம், பொருத்த ஒரு முகாம், பிறகு இரண்டு முறையாவது சரிபார்க்க ஆள் என்ற ஏற்பாடு இல்லாமல் பல்செட் வழங்குவதாக அறிவிக்காதீர்கள். எப்படிக் கழுவுவது, எதில் வைப்பது என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி வாயால் சொல்லி அனுப்புங்கள். எலும்பு மேடு ஏற்கெனவே கரைந்துவிட்டவர்களுக்கு, உள்வைப்புச் செய்யக்கூடிய அரசுக் கல்லூரிக்குப் பரிந்துரைச் சீட்டு கொடுங்கள்.

என் அக்காவை வரிசையில் முன்னால் நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. சென்ற மாதம் அந்தக் கதவுக்கு வெளியே, சுவரோரப் பெஞ்சில், எங்களைத் தவிர ஏழு பேர் பல் கட்டுவதற்காக வந்து அந்தத் தாளைப் படித்துவிட்டுத் திரும்பினார்கள். மேசையில் இருந்தவர் எல்லாருக்கும் சீட்டுப் பதிந்த பிறகுதான் தாளைக் காட்டினார், ஆகவே அவர்கள் பெயரும் ஊரும் அன்றைய பதிவேட்டில் இருக்கும். முதல் நாள் அளவெடுப்புக்கு அவர்களைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
செட்டிநாடு